துடுப்பு அரித்தால் மருந்தா, கூட்டத்தைக் குறைப்பதா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் 20 சென்ட் பண்ணைக்குட்டையில் நான்கு மாதம் முன்பு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 3000 விட்டேன். இப்போது பல மீன்களுக்கு வால் வெளுத்து, ஓரம் நார்நாராகக் கிழிந்திருக்கிறது. சில மீன்கள் சாய்ந்து நீந்துகின்றன. குஞ்சு கொடுத்த வியாபாரி ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். எவ்வளவு ஊற்றலாம், ஐயா?

பதில்: ஒரு கிராம்கூட வேண்டாம். குட்டையில் கொட்டும் மருந்தில் பெரும்பகுதி சேற்றில்தான் படியும். அதைத் தாங்கப் பழகிய கிருமி மிஞ்சும், வியாபாரிக்குக் காசு மிஞ்சும்.

நீங்கள் பார்த்த நார், துடுப்பை விரித்துப் பிடிக்கும் எலும்புக் கதிர்கள். இடையிலுள்ள தோலைக் கிருமி அரித்ததால் அவை தனித்தனியாகத் தெரிகின்றன. அடிப்பகுதி கெடாதவரை துடுப்பு மறுபடி வளரும். சாய்வதுதான் எனக்குக் கவலை. வால், மீனை முன்னே தள்ளுவதற்கு. புரளாமல் பிடிப்பவை முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும். வால் மட்டும் கிழிந்த மீன் வேகம் குறையுமே தவிர, சாயாது. முதுகுத் துடுப்பு நன்றாக இருந்தும் சாய்கிற மீனுக்கு நோய் உள்ளே இறங்கியிருக்கலாம். அதை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

சரி, 20 சென்ட்டில் 3000 எப்படி விட்டீர்கள்? ஏக்கருக்கு 4000 என்று வைத்தால் உங்கள் குட்டைக்கு 800தான். நெரிசலில் மீன் உரசிக் காயப்படும், கழிவு சேரும், விடியற்காலையில் ஆக்ஸிஜன் குறையும். அடியில் மேயும் மிர்காலே மேலே வந்து வாய் பிளந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். தேறிய, துடுப்பு சுத்தமான மீன்களைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்புங்கள். பக்கத்துக் குட்டைக்குக் கொடுக்காதீர்கள், நோயும் கூடவே போகும். சாணம் போடுவதை நிறுத்தி, தீனியைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். வலையில் வந்து திரும்ப விடுகிற மீனை, லிட்டருக்கு 20 கிராம் கல் உப்புக் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். தடுமாறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை குஞ்சு வாங்குவது. "ஆயிரத்துக்கு இருநூறு இலவசம்" என்கிறவரிடம் போகவே வேண்டாம். பாக்கெட்டை எண்ணிக் காசு கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். வெள்ளைப் பேசினில் பத்துக் குஞ்சை விட்டு, கையால் தண்ணீரைச் சுழற்றுங்கள். நல்ல குஞ்சு துடுப்பை விரித்து ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். நலிந்தது துடுப்பை மடக்கிக்கொண்டு ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும். வியாபாரி முகம் சுளித்தாலும் பார்த்துவிட்டே வாங்குங்கள். நுனிவிரல் அளவுப் பொடிக்குஞ்சு மலிவு என்று மயங்காமல், 10 செ.மீ. வளர்ந்ததாக 800 மட்டும் எடுங்கள்.