மெடிகேர் இருக்கிறதே, மெடிகேப் எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு 65 வயது. இங்கே நியூஜெர்சியில் மெடிகேர் மட்டும் போதாதா? ஊருக்குப் போனால் உதவுமா? - ஒரு வாசகி, எடிசன்

பதில்: போதாதும்மா. மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கான ஆரம்பத் தொகையை நாம் கட்டிய பிறகு, டாக்டர் செலவில் மெடிகேரின் பார்ட் பி என்ற பிரிவு 80 சதவீதம்தான் தரும். மீதி 20 நம் தலையில், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான், தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு.

என் வீட்டுக்காரர், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போட்டார். 67 வயதில் ஸ்டென்ட் வைத்த பிறகு மெடிகேப்புக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 65 வயதில் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால், எந்த நோயைக் காட்டியும் மறுக்க முடியாது. அப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம்.

என்னிடம் இருப்பது மெடிகேப்பில் பிளான் ஜி என்ற வகை. இங்கே எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஜி-யின் அடிப்படைப் பலன் ஒன்றுதான், பிரீமியம்தான் வேறு. ஏஜென்ட் பேச்சில் மயங்காதீர்கள். மாத்திரைச் செலவுக்கு மெடிகேரின் பார்ட் டி என்ற பிரிவு தனி.

ஊர் விஷயம்: இந்தியாவில் மெடிகேர் செல்லாது. ஜி இருந்தால், பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். மார்கழிக் கச்சேரிக்குப் போனால் நான் பொங்கல் தாண்டி மாசி வரை தங்கிவிடுவேன். அதனால் பயணக் காப்பீடும் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.