உப்புக்காற்றுக்கு எந்த வண்டி?

வாகனக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. இந்தத் தடவை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: பழகிய சின்ன எஸ்யூவியை விட மனசில்லை, விட்டால் அடுத்தது எது?

கேள்வி: 2014-இல் வாங்கிய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் வைத்திருக்கிறேன். எஞ்சினில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. மீன் ஏலம் எடுத்து அனுப்பும் தொழில், இரண்டு ஐஸ் பெட்டி எப்போதும் பின்னால் இருக்கும். தினமும் மண்டபம், பாம்பன், ராமநாதபுரம் என்று அலைச்சல். மாதாமாதம் அம்மாவை மூட்டுவலிக்குக் காட்ட மதுரை போக வேண்டும். கம்பெனியே ஊரைவிட்டுப் போய்விட்டது, பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓட்டவும் கூடாது, இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மச்சான் நச்சரிக்கிறார். மாற்றவா, வேண்டாமா? மாற்றினால் அதே மாதிரி வண்டி எது?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். பத்து வருஷ டீசல் கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றியுள்ள தலைநகரப் பகுதியும் சம்பந்தப்பட்டது, உச்சிப்புளிக்கு வராது. 2014-இல் பதிவான சொந்த வண்டிக்கு ஆர்.சி. 2029 வரை செல்லும். அப்புறம் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் வெளிக்கடையிலும் கிடைக்கிறது. திண்டாட்டம் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி உடையும்போதுதான், வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மறைமலை நகர் தொழிற்சாலை திரும்பத் திறக்கிறதாமே என்று ஆசைப்படாதீர்கள், 2025-இல் போட்ட ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு எஞ்சின் செய்வதற்கு.

எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். நம் பக்கத்தில் வண்டி எஞ்சினால் சாவது குறைவு, துருவால் சாவதுதான் அதிகம். மண்டபத்தில் ஒரு ராத்திரி வெளியில் நிறுத்தினால் காலையில் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்குமே, அதே உப்பு அடியிலும் படிகிறது, அங்கே துடைக்க யாரும் இல்லை. அதனால் முடிவெடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதில் விரலை விட்டுப் பாருங்கள். வெறும் மண் வந்தால் சரி, செதில் செதிலாகச் சிவப்பாக வந்தால் உள்ளே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடம், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டை, பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கெட்டியாக வந்தால் டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு இன்னும் இரண்டு மூன்று வருஷம் தாராளமாக ஓட்டலாம். இதுவரை பெல்ட்டை மாற்றவில்லை என்றால் இந்த மாதமே மாற்றுங்கள், அது அறுந்தால் எஞ்சின் செலவு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் யோசிக்க ஒன்றுமில்லை, விற்றுவிடுங்கள்.

சரி, விற்பதென்றே வைத்துக்கொள்வோம். அதே மாதிரி வண்டி கேட்கிறீர்கள், நேர்மையாகச் சொன்னால் இல்லை. உங்களுக்கு ஈகோஸ்போர்ட் ஏன் பிடித்துப்போனது என்று யோசித்தால் ஒன்று புரியும்: ஸ்டெப்னி வெளியே, பின்கதவில் மாட்டியிருக்கிறது. சீமைக்கருவேல முள் ஏறி நடுரோட்டில் பஞ்சர் ஆனால் ஐஸ் பெட்டியை இறக்காமலேயே சக்கரம் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். இன்றைக்கு நான்கு மீட்டருக்குள் வரும் வழக்கமான எஸ்யூவிகளில் ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது, சிலவற்றில் சின்னச் சக்கரம், சில வகைகளில் அதுவும் இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும். பின்கதவில் சக்கரம் வேண்டுமென்றால் மாருதி ஜிம்னி, மஹிந்திராவின் மூன்று கதவு தார், பொலேரோ, பொலேரோ நியோ என்று போக வேண்டும், முதல் இரண்டில் உங்கள் பெட்டி போகாது, எதிலும் அம்மா ஏறுவது கஷ்டம்.

இதில் இன்னொரு வினை இருக்கிறது. பெட்டியிலிருந்து கசியும் ஐஸ் தண்ணீர் உப்பும் மீன் கழிவும் கலந்தது. ஈகோஸ்போர்ட்டில் அது டிக்கியின் தரையோடு நின்றுவிடும். புது வண்டிகளில் கார்ப்பெட் வழியாக இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கும். மேலே மூடி இருப்பதால் நாற்றம் வரும் வரை யாருக்கும் தெரியாது, தெரியும்போது குழியின் அடித்தகடு போயிருக்கும். எந்த வண்டி எடுத்தாலும் முதல் நாளே விளிம்பு உயர்ந்த கனமான ரப்பர் தட்டு ஒன்று டிக்கி அளவுக்குச் செய்து போடுங்கள். வாரம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி, குழியைத் துணியால் துடைத்து விடுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு டீசலே சரி. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. ஊருக்குள்ளேயே நாலு தெரு சுற்றுகிறவர்களுக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால்தான் அந்தக் கரி எரியும், உங்களுக்கு ராமநாதபுரம் சாலையிலேயே எரிந்துவிடும். மதுரைப் பயணத்துக்கும் டீசலின் இழுவை வேண்டும். மதுரையிலிருந்து பரமக்குடி வரைதான் நான்கு வழி, அங்கிருந்து ராமநாதபுரம் வரை லாரிக்குப் பின்னால் பொறுத்திருந்து சட்டென்று முந்த வேண்டிய இரண்டு வழி. அதையும் நான்கு வழியாக்க 2025-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, போட்டு முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பொலேரோ, தார் வகையை விட்டால், நான்கு மீட்டருக்குள் டீசல் என்றால் டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், கியா சைரோஸ், இவ்வளவுதான். மாருதி 2020 ஏப்ரலிலேயே டீசலை விட்டுவிட்டது. ஸ்கோடா கைலாக் ஓட்ட அருமையாக இருக்கும், ஈகோஸ்போர்ட்டின் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு அதுதான் கிட்டத்தில் வரும், ஆனால் பெட்ரோல் மட்டும். 3எக்ஸ்ஓ டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர் இழுவை, முந்தும்போது சொகுசு, டிக்கிதான் சிறியது. உங்களுக்கு என் ஓட்டு நெக்ஸான் டீசலுக்கு: டிக்கி 382 லிட்டர், தரையிலிருந்து 208 மில்லிமீட்டர் உயரம், கண்மாய்க் கரைப் பாதையில் அடி தட்டாது. ஆனால் பெட்டியை ஷோரூமுக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், பெட்டி உள்ளே நுழைய டிக்கி வாயின் அகலமும் விளிம்பின் உயரமும்தான் முக்கியம். அம்மாவையும் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், இடுப்பு மட்டத்தில் சீட் இருந்தால் மூட்டுக்கு நல்லது.

அதோடு, ஷோரூம் எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள், தகர வேலை, பெயின்ட் வேலை ராமநாதபுரத்திலேயே நடக்குமா, மதுரைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். பாதிப் பேர் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு அப்புறம் புலம்புகிறார்கள்.

விலையில் ஒரு கோடு இருக்கிறது, கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40. மேலே சொன்ன டீசல்கள் எல்லாம் 18-க்குள் வந்துவிடும். நம் மாநில ஆயுள் வரியோ ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், தாண்டினால் இருபது லட்சம் வரை 18. பத்தேகால் லட்சத்து வண்டிக்கும் ஒன்பதே முக்கால் லட்சத்து வண்டிக்கும் வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். சன்ரூஃப் உள்ள வகைக்காகக் கோட்டைத் தாண்டாதீர்கள். இந்த வெயிலுக்கு மண்டை மேல் எதற்குக் கண்ணாடி?

கடைசியாகக் கழுவுதல். வீட்டு போர்வெல்லில் வரும் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் அடியைக் கழுவுவது உப்புக்கு மேல் உப்பு பூசுவது. காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ இரண்டு குடம் எடுத்து அடியில் அடித்து விடுங்கள், போதும். டீலர் விற்கும் ரப்பர் பூச்சு அடித்தால், வடிகால் ஓட்டைகளை அடைக்காமல் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்துவிட்டால் பூச்சு இல்லாமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: உறவினர்கள் வந்தால் தனுஷ்கோடி அழைத்துப் போவேன். புதிதாக எடுக்கப்போகும் எஸ்யூவியை அரிச்சல்முனையில் மணலில் இறக்கலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: கூடாது. எஸ்யூவி என்று பெயர் இருந்தாலும் இந்த விலையில் வருபவை பெரும்பாலும் முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. எஞ்சின் எடையோடு முன்சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் தோண்டும். 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன் மணலில் ஆட்களை ஏற்றிப் போனவை வேறு ஜாதி வண்டிகள், ஓட்டியவர்களும் அந்த மணலிலேயே பழகியவர்கள். கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும் மாதங்களில் சாலை மீதே மணல் ஏறிக் கிடக்கும், அதிலும் வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் வைப்பருக்கு அடியில் இருக்கும் மணலைத் தட்டிவிட்டு அப்புறம் வைப்பரைப் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி கீறிப்போகும்.

கேள்வி: வாப்பாவிடம் 2017 பிரெஸ்ஸா டீசல் இருக்கிறது. யார் கேட்டாலும் தர மாட்டார். இப்போது முட்டிவலியால் கிளட்ச் மிதிக்கக் கஷ்டப்படுகிறார். துபாயிலிருக்கும் அண்ணன் எலெக்ட்ரிக் வாங்கு என்கிறான். ஊருக்குள்ளும் ஏர்வாடி, பெரியபட்டினம் வரையும்தான் ஓட்டம். அண்ணன் வரும்போது மட்டும் மதுரை விமான நிலையம்.
– வாசகி, கீழக்கரை

பதில்: அண்ணன் சொல்வது சரி, உங்கள் ஓட்டத்துக்கு எலெக்ட்ரிக் பொருந்தும். கிளட்ச் கிடையாது, ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உப்பில் முதலில் ஓட்டை விழும் சைலன்சரும் கிடையாது. விமான நிலையம் போய்த் திரும்ப நடுவில் சார்ஜ் போட வேண்டி வரலாம், அண்ணன் கொண்டுவரும் பெட்டிகளைக் கூரை மேல் கட்டினால் காற்றுத்தடையில் சார்ஜ் இன்னும் சீக்கிரம் இறங்கும். அந்த ஒரு நாளைக்கு வாடகை வண்டி பிடியுங்கள்.

வண்டி பார்க்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள். கடற்கரை மண்ணில் எர்த் குழாயை உப்பு தின்றுவிடும். மின்விசிறியும் விளக்கும் எர்த் இல்லாமலும் ஓடும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை, கார் சார்ஜர் மட்டும் எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, தேவைப்பட்டால் செம்புக் கம்பி போட்டுப் புது எர்த் இறக்குங்கள். சார்ஜருக்குத் தனி லைன் வேண்டும், பழைய ஏசி லைனில் மாட்டக் கூடாது.

வாப்பாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பாடு. பிரெஸ்ஸாவை உடனே விற்காமல் ஆறு மாதம் இரண்டையும் வாசலில் நிறுத்திப் பாருங்கள். கிளட்ச் இல்லாத வண்டியில் கால் பழகிய பிறகு அவரே சாவியைக் கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஈகோஸ்போர்ட்டைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை. என்னுடையது பழசாகிவிட்டதால் 2020 மாடல் ஒன்று தூத்துக்குடியில் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: பிடித்த வண்டியையே திரும்ப வாங்குவதில் தப்பில்லை, உங்கள் பழையதிலிருந்து கழற்றி வைக்கும் பாகங்கள்கூடப் பிறகு உதவலாம். டீசல் என்றால் எடுங்கள். பெட்ரோல் என்றால் இப்போது பங்க்கில் வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த வருஷத்து வண்டி தயாரானதில்லை, ரப்பர் பைப்புகளை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

என் சந்தேகம் அந்த மலிவில்தான். 2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்தில் எத்தனையோ வண்டி மூழ்கியது. டி.என். 69 பதிவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேல்பாதி ஒரு நிறமும் கீழ்ப்பாதி மங்கலும் இருந்தால் தண்ணீர் நின்ற மட்டம் அதுதான். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் 2024 இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் கேளுங்கள். நாலு வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓடிய வண்டிக்கு நோ க்ளெய்ம் போனஸ் 45 சதவீதம் போட்டிருக்கும், பூஜ்யம் என்றால் என்னவோ நடந்திருக்கிறது, என்ன என்று கேளுங்கள். காகிதம் வீட்டில் இருக்கிறது, நாளைக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்பார். அட்வான்ஸையும் நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு சாயல்குடி பஸ் ஏறிவிடுங்கள்.