கருவுற்றிருந்தபோது வெயில் படாததால்தான் என் மகனுக்கு ஆட்டிசம் வந்ததா?

கேட்டிருப்பவரின் நிலை இது: கருவுற்றிருந்த காலத்தில் கனடாவில் இருந்திருக்கிறார், பனிக்காலம் என்பதால் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். மகனுக்கு இப்போது மூன்று வயது, ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடிக்குத் திரும்பியபின் மகனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 (ஒரு மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு). வெயில் படாமல் பிள்ளையைச் சுமந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். அது உண்மையா, இப்போது டி கொடுத்து வெயிலில் விளையாடவிட்டால் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

உங்களால் வந்தது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. டி கொடுத்தால் ஆட்டிசம் சரியாகாது. ஆனாலும் அந்த 14-ஐ அப்படியே விட்டுவிட வேண்டாம், அதற்கு மருந்து உண்டு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பெற்றோர்களுக்குப் பணமும் தூக்கமும் போகின்றன.

நான் மருத்துவர் அல்ல. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். என் மகனுக்கும் ஆட்டிசம், இப்போது மேல்நிலைப் பள்ளி வயது. ஆகவே கல்லாவுக்கு இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன்.

முதலில் அந்த 14. அது உங்கள் மகனின் இன்றைய அளவு. ரத்தத்தில் அளக்கப்படும் டி, புதிதாக வராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதை இந்தச் சீட்டு சொல்லாது. கனடாவின் பனிக்காலச் சூரியனால் தோலில் டி உண்டாகாது என்பது உண்மைதான். எட்மன்டன் போன்ற ஊர்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த நிலை என்று 1988-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் அந்த நாட்டில் பாலில் டி சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். கருவுற்றவர்களுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரைகளிலும் பொதுவாக அது இருக்கும். வெயில் இல்லை என்பதாலேயே டி இல்லை என்று ஆகிவிடாது.

மாமியார் சொல்வதை வெறும் வம்பு என்றும் தள்ள மாட்டேன். எங்கோ படித்திருப்பார், அல்லது யாரோ அனுப்பியிருப்பார்கள். 2008-இல் ஜான் கன்னெல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்தக் கருத்தை எழுதினார். வெயிலைத் தவிருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கிய காலமும் ஆட்டிசம் கூடத் தொடங்கிய காலமும் ஒன்று என்பது அவர் வாதம். அதே காலத்தில்தான் ஆட்டிசத்தின் வரையறையும் 1987-லும் 1994-லும் விரிவாக்கப்பட்டது. முன்பு கணக்கில் வராத பிள்ளைகள் அதன்பின் கணக்கில் வந்தார்கள். ஒரே காலத்தில் ஏறுகிற எத்தனையோ கோடுகளை இப்படிச் சேர்த்து வரையலாம். கைப்பேசி விற்பனையையும் சேர்க்கலாம்.

சோமாலியர்களின் கதைதான் அதைவிட மனத்தைப் பிடிக்கிறது. வெயில் காயும் நாட்டிலிருந்து சுவீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் அமெரிக்காவின் மினியாபொலிஸுக்கும் அகதிகளாகப் போனவர்கள். அங்கே பிறந்த தங்கள் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அதிகமாகத் தெரிகிறது என்று பெற்றோரே முறையிட்டார்கள். கருத்த தோல், உடலை மூடும் உடை, வடக்கே வெயில் குறைந்த ஊரில் வாழ்க்கை என்று எல்லாம் சேர்ந்து டி குறைவைத்தான் சுட்டுவதுபோல் இருந்தது. பிறகு மினசோட்டா பல்கலைக்கழகம் மினியாபொலிஸில் எண்ணிப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டது. சோமாலியக் குழந்தைகளில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளைக்காரக் குழந்தைகளில் 36 பேருக்கு ஒருவர். புள்ளியியல்படி இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது: ஆட்டிசம் உள்ள சோமாலியக் குழந்தைகளிடம் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பது அதிகம். அதற்கு விடை இன்னும் தேடப்படுகிறது. ஆனால் கதையின் முதல் பாதி மட்டும்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

தாயின் ரத்தத்தை நேரடியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட தாய்-சேய்களைப் பின்தொடர்ந்தபோது, கருவுற்ற நடுக்காலத்தில் டி மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஆட்டிசச் சாயல்களுக்கான கேள்வித்தாளில் சற்று அதிக மதிப்பெண் பெற்றார்கள். சாயல் வேறு, ஆட்டிசம் என்ற முடிவு வேறு. டென்மார்க்கில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுத்த ரத்தத் துளியை அட்டையில் உலர்த்திப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி 2025-இல் வந்த ஆய்வு, பிறக்கும்போது டி குறைவாக இருந்தவர்களிடம் ஆட்டிசம் ஓரளவு அதிகம் என்கிறது. கலிபோர்னியாவில் இதேபோலப் பார்த்தபோது மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. எனவே "தொடர்பே இல்லை" என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. சிறியதாக ஏதோ இருக்கலாம்.

தொடர்பு இருந்தால் காரணம் என்று ஆகிவிடுமா? இங்கேதான் கோபன்ஹேகன் ஆய்வு எனக்குப் பிடிக்கும். அறுநூற்றுச் சொச்சம் கருவுற்ற பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான 400 யூனிட், மறுபாதிக்கு அதோடு இன்னும் 2400 யூனிட் தினமும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதானபோது பார்த்தால், அதிகம் கொடுத்ததால் ஆட்டிசம் குறையவில்லை. ஆனால் மருந்து தொடங்கும் முன்பே ரத்தத்தில் டி கூடுதலாக இருந்த பெண்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் குறைவு! டி நிறைய உள்ள பெண் பொதுவாக நன்றாகச் சாப்பிடுபவள், வெளியே நடமாடுபவள், உடல் பருமன் குறைந்தவள். இவற்றில் எது வேலை செய்தது என்று ரத்தச் சீட்டு பிரித்துச் சொல்லாது. மருந்தை ஆறாம் மாதத்தில்தான் தொடங்கினார்கள், அது தாமதமாக இருக்கலாம் என்ற மறுப்பும் நியாயமானதே.

குழந்தைகளிடம் அளக்கும்போது காரணமும் விளைவும் தலைகீழாகவும் நிற்கும். என் மகன் ஐந்து வயது வரை சாப்பிட்டதெல்லாம் வெள்ளை: இட்லி, தயிர்ச்சோறு, பால், சர்க்கரை போடாத வெள்ளைப் பணியாரம். முட்டையில் மஞ்சள் தெரிந்தால் தட்டே பறக்கும். வெளிச்சம் கூசும், தெருவில் ஹாரன் சத்தம் ஆகாது. ஆகவே பகலெல்லாம் பட்டாலையில் உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல்லில் பூ வரையின் விளிம்பு எங்கே போகிறதோ அதன்மேல் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பான். ஒரு கொட்டை கோட்டைவிட்டு நகர்ந்தால் முதலிலிருந்து தொடங்குவான். இப்படி இருக்கும் பிள்ளைக்கு டி எங்கிருந்து வரும்? அவனுக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஆட்டிசத்தால் டி குறைந்தது என்று சொன்னால்தான் அங்கே பொருந்தும்.

குழந்தைகளுக்கு டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் காட்டுவது அவற்றைத்தான். எகிப்தில் 109 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பெரிய முன்னேற்றம் என்று ஒரு கட்டுரை வந்தது. இணையத்தில் இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை வெளியிட்ட இதழே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. அயர்லாந்தில் தினம் 2000 யூனிட் வீதம் 20 வாரம் கொடுத்த சிறிய ஆய்வில் டி அளவு ஏறியது, ஆட்டிச நடத்தையில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. துறுதுறுப்பு சற்றுக் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சில உண்டு. டி குறைவால் எலும்பும் தசையும் வலிக்கும் பிள்ளைக்கு வலி நின்றால் நன்றாகத் தூங்குவான், கத்துவது குறையும். பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை.

பழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய நாளிலிருந்து தாயின் தலையில் ஏதாவது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. முதலில் தாய்க்குப் பாசம் போதவில்லை என்றார்கள், பல்லாண்டு அது மருத்துவமாகவே நடந்தது. பிறகு தடுப்பூசி போட்டது குற்றம் என்றார்கள். இப்போது வெயிலில் நிற்காதது. 2019-இல் ஐந்து நாடுகளின் இருபது லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் மரபணுக்களின் பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு என்றும், தாயின் உடல்நிலை வழியாக மட்டும் வரும் பங்கு மிகச் சொற்பம் என்றும் கண்டது. மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வருகிறது. மாமியாரிடம் இதைச் சொல்லிக் குடும்பத்தில் சண்டை மூட்டச் சொல்லவில்லை, உங்கள் மனத்துக்காகச் சொல்கிறேன்.

இனி வெயில். செட்டிநாட்டில் வெயிலுக்கா பஞ்சம் என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தியா முழுக்க இத்தனை வெயிலிலும் டி குறைவு பரவலாக இருக்கிறது. குழந்தையை இளவெயிலில் காட்டுவது நம் வழக்கம், ஆனால் காலை ஏழு மணி வெயிலில் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் அளந்து பார்த்தவர்கள் 11 மணி முதல் 2 மணி வரைதான் நல்ல நேரம் என்றார்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறதே, சுற்றுச்சுவர் உயரமானதால் அங்கே வெயில் நேராக விழுவது உச்சியில்தான். வற்றலும் வடகமும் காய்ந்த அந்த இடத்திலேயே பிள்ளைகளும் தவழ்ந்தன. இப்போது மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்குமேல் பாலிகார்பனேட் தகடு போட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், டி தரும் கதிர் வராது. கண்ணாடி ஜன்னலும் அப்படித்தான்.

மகனைச் சட்டையில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பதினொரு மணி வாக்கில் விளையாடவிடுங்கள், நல்லதுதான். கத்திரி வெயிலில் வேண்டாம். தாகம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை சுருண்டு விழும்வரை நமக்குத் தெரியாது.

மருந்து என் துறை, இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். பரிசோதனைக் கூடம் 20-க்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பில் அச்சடிக்கும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கணக்கில் 12-க்குக் கீழே பற்றாக்குறை, 12 முதல் 20 வரை போதாமை. ஆக 14 என்பது அவசரம் அல்ல, குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில் சில வாரம் கொடுத்தால் ஏறிவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வழக்கமான அன்றாடத் தேவை 600 யூனிட். கடையில் பவுடர் பாக்கெட் ஒன்றில் இருப்பது 60,000, அதாவது நூறு நாள் தேவை ஒரு சிட்டிகையில். ஒருமுறை பெரியவர் ஒருவர் வந்து, பேரனுக்கு ஆட்டிசம், தினம் ஒரு பாக்கெட் பாலில் கலக்கச் சொன்னார்கள் என்று மொத்தமாகக் கேட்டார். சீட்டு இல்லை, யாரோ தொலைபேசியில் சொன்னது. "ஐயா, இது வாரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிற சரக்கு, அதுவும் எல்லாருக்கும் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், எரிச்சல், சாப்பிட மறுப்பு. பேசாத பிள்ளையிடம் இவற்றில் பாதியை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுவோம், அதுதான் ஆபத்து. சிறுநீரகத்திலும் கால்சியம் படியும். சொட்டு மருந்திலும் கவனம் தேவை: ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு, அட்டைப்பெட்டிகள் பார்க்க ஒரேமாதிரி. கடைக்காரர் வேறு நிறுவனத்துடையதைக் கொடுத்தால் "முன்பு எத்தனை மில்லியோ அதே" என்று இருந்துவிடாதீர்கள்.

டி-க்குச் செலவிடும் கவலையில் ஒரு பங்கைப் பயிற்சிக்குத் திருப்புங்கள். செவித்திறன் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி எல்லாம் இலவசம். நமக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்க வேண்டும். விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருப்பதால் அடையாள அட்டை கிடைக்கும். அதை வைத்து மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை.

குழந்தை மருத்துவரிடம் போகும்போது இப்போது கொடுத்துவரும் எல்லாப் பாட்டில்களையும் பவுடர் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஊட்டச்சத்துப் பவுடர், கால்சியம் சிரப், யாராவது வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மிட்டாய் மாத்திரை என்று டி நாலு இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும், கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒருமுறை டி-யையும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.