நான்கு நாள் காய்ச்சல்

அன்புள்ள ஐயா,

கொரோனா காலம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். இத்தாலி, அமெரிக்கா போன்ற வசதி மிக்க நாடுகளில் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தபோது நம் பக்கம் அந்த அளவுக்கு ஏன் சாவு இல்லை? நம் வெயிலும், ரசமும், சிறு வயதில் காசநோயைத் தடுக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசியும், கபசுரக் குடிநீரும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதேபோல ஒரே மருந்து ஒரு நாட்டில் உயிரைக் காப்பாற்றி, இன்னொரு நாட்டில் பலன் தராமல் போனது எப்படி? எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அங்கே கொரோனாவால் ஒருவர்கூட இறக்கவில்லை. 2021 மே மாதம் என் அப்பத்தா தவறிவிட்டார். ஆனால் அது நான்கு நாள் காய்ச்சல்தான், வயதும் எழுபத்தாறு.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நானோ 2021ஆம் ஆண்டுக்கான பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கை, நான்கு ஆண்டு கழித்து, 2025 மே மாதம் வெளிவந்ததிலிருந்து அதன் அட்டவணைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பவன்.

முதலில் ரசத்தையும் வெயிலையும் ஒதுக்கிவிடுவோம். 2021 மே மாதத்தில் மதுரையில் வெயிலுக்குக் குறைவில்லை, எந்த வீட்டிலும் ரசமும் நின்றுவிடவில்லை. அந்த மாதத்தில்தான் ஆக்சிஜன் படுக்கை கேட்டு ஊரே அலைந்தது. பி.சி.ஜி. ஊசி கொரோனாவைத் தடுக்கிறதா என்று பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்களிடம் முறையாகச் சோதித்து, இல்லை என்று கண்டுவிட்டார்கள். கபசுரக் குடிநீர் பற்றி உங்களோடு சண்டையிட எனக்கு விருப்பமில்லை, குடியுங்கள்.

வயது உண்மையான காரணம். இத்தாலியர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 47 வயதைக் கடந்தவர்கள். இந்தியர்களில் பாதிப் பேர் 28 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். இந்த நோய் வயது ஏற ஏறப் பன்மடங்கு கொடியதாவது என்பதால், இரு நாடுகளின் மொத்தச் சாவை அப்படியே ஒப்பிடுவது பள்ளிக்கூடத்தையும் முதியோர் இல்லத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதற்குச் சமம். ஆனால் வயதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. 2020இல் மே முதல் அக்டோபர் வரை நம் மதுரை மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு நடந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் சுமார் 15,800 பேருக்குத் தொற்று உறுதியானது; அந்தக் காலத்தின் முடிவில் இரத்தத்தைச் சோதித்தபோதோ நூற்றுக்கு நாற்பது பேருக்கு நோய் வந்துபோன தடயம் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 30 லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டம் இது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று வந்திருக்கிறது. நமக்குத் தெரிந்தது பதினைந்தாயிரம்தான். வயது வித்தியாசத்தைக் கழித்த பிறகும், பணக்கார நாடுகளின் விகிதப்படி எதிர்பார்க்க வேண்டிய மரணங்களில் மிகச் சிறிய பங்கே இங்கே பதிவாகியிருந்தது. மீதிப் பேர் பிழைத்தார்களா, அல்லது பதிவாகாமல் போனார்களா?

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாமெதசோன் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ரிகவரி என்ற மருந்து ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. இந்த இரண்டாம் பாதியை நாம் படிக்கவில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே, சர்க்கரை நோய் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல், பல ஊர்களில் மருந்துக்கடையிலேயே ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தார்கள். நாமும் வாங்கி விழுங்கினோம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகி, 2021 ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் 40,000 பேரைத் தாண்டியது. மருந்து ஒன்றுதான், தம்பி. எந்த நோயாளிக்கு, எந்த நாளில், பக்கத்தில் ஆக்சிஜனும் சர்க்கரை அளவைப் பார்க்க ஒரு செவிலியரும் இருக்கும்போதா இல்லாதபோதா கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது வேறுபாடு. பத்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சை தேவைப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 48 பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். உலகச் சராசரி 31 அல்லது 32தான். அங்கே மருந்தைவிட ஆள்பலமும் கருவிகளும்தான் இல்லாமல் போயின. ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து மரணத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தும், அடுத்த மே மாதம் அதற்காகத் தமிழக நகரங்களில் மக்கள் வரிசையில் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது இருக்கட்டும். ஒரு நாட்டில் சாவு அதிகம், இன்னொன்றில் குறைவு என்று பேசும்போது, அந்தச் சாவை யார், எப்படி எண்ணினார்கள் என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை? 2020இன் தொடக்கத்தில் பெல்ஜியம் உலகப் பட்டியலின் உச்சியில் நின்றது. பரிசோதனை செய்யாவிட்டாலும், முதியோர் இல்லத்தில் கொரோனா என்று சந்தேகிக்கப்பட்ட ஒவ்வொரு மரணத்தையும் அது சேர்த்தெண்ணியதே அதற்கு ஒரு பெரிய காரணம். பெரு நாடு 2021 மே மாத இறுதியில் தன் கணக்கைத் தானே மறுபடி பார்த்து, 69,000 என்றிருந்த மரணங்களை 1,80,000 என்று திருத்தியது. ஒரே இரவில் அந்த நாட்டில் நோய் கொடியதாகிவிடவில்லை. குஜராத்தில் அதிகாரபூர்வ மரணங்கள் சுமார் 10,000. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்காக 2022 ஜனவரிக்குள் அங்கே ஏற்கப்பட்ட விண்ணப்பங்களோ 68,000க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. நம் அரசு அந்தக் கணக்குமுறையே தவறு என்றது. சரி, அரசின் சொந்தப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். 2020இல் பதிவான இறப்புகள் 81 லட்சம். 2021இல் ஒரு கோடியே இரண்டு லட்சம். பதிவுசெய்யும் பழக்கம் பெருகியதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், அந்த இருபத்தொரு லட்சம் கூடுதலில் பெரும்பகுதிக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

என் அப்பா மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் கிராம முன்சீப்பாக இருந்தவர். 1980இல் அந்தப் பதவியையே அரசு ஒழிக்கும்வரை ஊரின் இறப்புப் பதிவேடு எங்கள் வீட்டு மரப்பெட்டியில்தான் இருந்தது. தலையாரி திண்ணையோரம் வந்து நின்று, இன்னார் வீட்டில் சாவு என்பார். என்ன நோவு என்று அப்பா கேட்பார். காய்ச்சல் என்று பதில் வரும். அப்பாவும் அப்படியே எழுதிக்கொள்வார். மலேரியா, டைபாய்டு, நிமோனியா, பிள்ளை பெற்றவளுக்கு வந்த சன்னி எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கின. மறுவாரம் வந்து சொல்லப்பட்ட சாவுகளும், சேரியில் நடந்து சொல்லப்படாமலே போன சாவுகளும் உண்டு. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் மருத்துவர் அல்லர், மருத்துவர் இருந்த ஊரும் அது அன்று.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பதிவேடு அப்படித்தான் இருந்தது. 1918இன் இன்ஃபுளுவென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பதிவேடுகளில் காய்ச்சல் என்ற தலைப்பின் கீழேதான் போனார்கள். தொடக்கத்தில் அரசு சொன்ன எண்ணிக்கை சுமார் 60 லட்சம். 1921இல் மக்கள்தொகையை எண்ணியபோதுதான் முழுக்கோரமும் தெரிந்தது: இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்தவர்கள் பத்தாண்டு கழித்து 25.13 கோடியாகக் குறைந்திருந்தார்கள். இப்போது ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை மதிப்பிடுகிறார்கள். நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்த அரசுகூடப் பெருநோய் ஓய்ந்த சில ஆண்டுகளில் வீடு வீடாக வந்து தலையை எண்ணியது. நம் தலைமுறைக்கோ 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளப்பட்டுவிட்டது. இதைப் பற்றிக் கோபப்படாமல் ரசத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்களே, தம்பி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பத்தாவுக்கு வருகிறேன். அவரை இழந்த வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எழுபத்தாறு வயது என்பதை ஒரு சமாதானமாகச் சேர்த்திருப்பதும் தெரிகிறது. எழுபத்தாறு வயதில் தொற்றோடு இறந்த இத்தாலியப் பாட்டியை அந்த நாடு கொரோனாக் கணக்கில் வைத்தது. உங்கள் அப்பத்தாவுக்குப் பரிசோதனை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியிருக்க, அது கொரோனா இல்லை என்று எந்த மருத்துவர் சொன்னார்? 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் நூற்றுக்கு 22 அல்லது 23க்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்திருந்தார். வீட்டில் இறந்த ஒரு கிராமத்துக் கிழவிக்கு அந்தத் தாள் கிடைத்திருக்க வழியே இல்லை.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். அப்பத்தாவின் இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். இருபத்தொரு நாளுக்குள் செய்திருக்க வேண்டியது அது. விட்டுப்போயிருந்தால், ஓராண்டு கடந்துவிட்டபடியால், கோட்டாட்சியரின் ஆணை வாங்கித்தான் பதிய முடியும், அலைச்சல்தான், செய்யுங்கள். அந்த நான்கு நாளில் அவருக்கு மூச்சு வாங்கியதா, வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் இருந்தது, சர்க்கரை இருந்ததா என்று உங்கள் அப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்த மே மாதம் உங்கள் ஊரில் மொத்தம் எத்தனை சாவு என்ற கணக்கும், ஒப்பிட 2019 மே மாதக் கணக்கும் வேண்டும். 2020 வேண்டாம், அது ஊரடங்கு மாதம். அலுவலகத்தில் இழுத்தடித்தால் உங்கள் ஊர்ச் சுடுகாட்டில் வேலை பார்ப்பவரைப் போய்ப் பாருங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்கள்.