வாசகர் கேள்வி – பதில்: மூன்று குரல்களுக்குள் ஒரு பாட்டு

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மாமா, 'கொமடோர் 64' என்னும் பழைய கணினியில் 'ஸ்டில் அலைவ்' என்ற விளையாட்டுப் பாட்டு ஒலிப்பதைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். கணினி 1982இல் வந்தது; பாட்டு 2007இல் வந்தது. இவ்வளவு பிந்திய பாட்டைப் பழைய கணினிகளில் இசைப்பதில் பலருக்கு ஏன் இத்தனை விருப்பம்? மூன்று குரல் மட்டுமே உள்ள ஒரு சிப்பில் அது எப்படி அடங்குகிறது?
– கணினித்துறை மாணவி, கொக்குவில்

பதில்: மகளே, உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பாதி அந்தப் பாட்டு முதலில் காட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் 'போர்ட்டல்' விளையாட்டில், தன்னைக் கொல்ல முயன்ற 'கிளாடோஸ்' என்னும் இயந்திர அறிவை ஆடுபவர் இறுதியில் அழித்துவிடுகிறார். அதன்பின் விளையாட்டை உருவாக்கியோரின் பெயர்ப்பட்டியல் ஓடும் வேளையில், தான் இன்னும் உயிரோடிருப்பதாகவும் யார்மீதும் கோபமில்லை என்றும் அதே இயந்திரம் இனிமையாகப் பாடுகிறது. பாட்டை இயற்றியவர் ஜொனதன் கூல்ட்டன். பாடியவர் ஒப்பெரா இசையில் பயின்ற எலன் மக்லேன். இயந்திரம் எழுத்தை வாசிப்பதுபோல் அவர் குரல் கொடுக்க, அது மேலும் இயந்திரத்தன்மை பெறும்படி பதப்படுத்தப்பட்டது.

அப்போது திரையில் தோன்றுவது ஒரு பழைய கணினி முனையம். கறுப்புப் பின்னணியில் மஞ்சட்செம்மை எழுத்துகள்; இடப்பக்கத்தில் பாட்டின் வரிகள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சாகின்றன; வலப்பக்கத்தில் மேலே பெயர்களும் கீழே வெறும் எழுத்துக் குறிகளால் வரைந்த படங்களும் மாறிமாறி வருகின்றன. ஆகவே இந்தப் பாட்டைப் பழைய கணினிக்குக் கொண்டுபோகிறவர், அது எந்த வீட்டில் பிறந்ததுபோலப் பாவனை செய்ததோ அந்த வீட்டுக்கே அதை அழைத்துப் போகிறார். பிற விளையாட்டுகளின் இசையை மாற்றியமைக்கும்போது காட்சியைக் கைவிட நேர்கிறது; இங்கே காட்சியும் எழுத்து, பாடுவதும் ஓர் இயந்திரம் என்பதால், எதையும் இழக்காமல் முழுவதையும் கொண்டுவரலாம் என்ற ஆசை இயல்பாகவே எழுகிறது. கொமடோர் 64இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகளே கொள்ளும் என்பதால் இரு பக்கங்களையும் நெருக்கித்தான் அமைக்க வேண்டும். ஆனால் அதன் 16 நிறங்களுள் செம்மஞ்சளும் ஒன்று.

இனி மற்றப் பாதி. குறுந்தட்டின் (சிடி) தரத்தில் பதிவுசெய்த இசைக்கு விநாடிக்கு 1,76,400 பைட் இடம் வேண்டும். கொமடோர் 64இன் நினைவகம் முழுவதும் 64 கிலோபைட்தான். பதிவை அப்படியே ஏற்றினால் அரை விநாடி கூடக் கேட்காது. எனவே பாட்டைப் பதிவாக அல்ல, எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்பாகத்தான் கொடுக்க முடியும்.

அந்தக் குறிப்பை இசைப்பது பொப் யான்ஸ் வடிவமைத்த 'சிட்' என்னும் சிப். அதற்கு மூன்று குரல்கள் உண்டு; அதாவது ஒரே நேரத்தில் மூன்று தனி ஒலிகளை எழுப்பும். நம் கோயில் மேளத்தை நினைத்துப் பாருங்கள்: நாதஸ்வரம் பாட்டைக் கொண்டுசெல்கிறது, ஒத்து சுருதியைப் பிடிக்கிறது, தவில் தாளத்தைத் தாங்குகிறது. மூன்றே பேர் சேர்ந்து ஒரு வீதியை நிரப்புகிறார்கள். சிட் சிப்பிலும் ஒரு குரலுக்குப் பாட்டின் மெட்டு, ஒன்றுக்குத் துணைச் சுரங்கள், ஒன்றுக்கு அடித்தொனியும் தாளமும் எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குரலுக்கும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, துடிப்பலை, இரைச்சல் என நான்கு ஒலிவடிவங்கள் உண்டு. ஒலி எழும் வேகம், தணியும் வேகம், நிலைக்கும் அளவு, அடங்கும் வேகம் ஆகியவற்றையும் தனித்தனியே வகுக்கலாம்.

மேளத்துக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றுவது மேற்கத்தியப் பாட்டின் கூட்டுச் சுரங்களில். மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிக்க வேண்டிய இடத்தில் மூன்று குரல்களையும் செலவிட்டால், மெட்டைப் பாட ஆளிருக்காது. அதனால் ஒரே குரலை விநாடிக்கு 50 முறை சுரம் மாறவைக்கிறார்கள். காது அவற்றைச் சேர்த்து ஒரு கூட்டாகவே கேட்கிறது. பழைய கணினி இசைக்கே உரிய அந்த மினுக்கம் இவ்வாறு பிறந்ததுதான். தாளத்துக்கும் இதுபோல ஒரு வழி உண்டு: அடித்தொனி இசைக்கும் குரலையே ஒரு கணம் இரைச்சலுக்கு மாற்றித் தட்டுப்போல ஒலிக்கச்செய்து, உடனே மீண்டும் அடித்தொனிக்குத் திருப்புவார்கள். இதை நான் வெறும் சிக்கன உத்தியாக எண்ணவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட இடங்களில் அது மூலத்தைவிடத் துடிப்பாகவே கேட்கிறது.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் 'வைஸ்' என்னும் இலவச மென்பொருள் போதும். தொடங்குமுன் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான 'பால்' அமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். சுரத்தின் உயரம் கணினியின் கடிகார வேகத்தைச் சார்ந்தது. அமெரிக்க அமைப்பில் கடிகாரம் சற்று விரைவாக ஓடுவதால், அதே எண்களைக் கொடுத்தால் பாட்டு அரைச் சுரத்தின் பாதியிலும் சற்று அதிகமாக உயர்ந்துவிடும். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவில் கசற் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மிதிப்பவர் களைத்தால் பாடகரின் குரலும் தாழ்ந்துபோகும். நிமிடத்திற்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும் பால் அமைப்பில் ஒரு தட்டுக்கு 25 திரைச்சட்டங்கள் வரும், கணக்கு எளிது. ஒலியின் சில பகுதிகளை மட்டும் குறைக்கும் சிப்பின் வடிகட்டியை அதிகம் நம்பவேண்டாம். சிட்டின் பழைய வகையான 6581 சிப்களில் அது ஒன்றுக்கொன்று வேறுபடும், உங்கள் மாமாவின் கணினியில் வேறுவிதமாகக் கேட்கும்.

கேள்வி: மெட்டு சரி, பழைய கணினி சொற்களையும் பாட முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்

பதில்: முடியும், ஐயா. 1961இலேயே பெல் ஆய்வுகூடத்தில் ஐ.பி.எம். 704 கணினியை ஜோன் கெல்லியும் கரோல் லொக்பாமும் பாடவைத்தார்கள். பின்னணி இசையைக் கணினியில் அமைத்தவர் மக்ஸ் மத்தியூஸ். கொமடோர் 64க்கும் 'சாம்' என்ற பேச்சு மென்பொருள் இருந்தது. ஆனால் பேசும்போது அது செயலியின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், கூடவே மூன்று குரல்களையும் நடத்துவது கடினம். எனவே சொற்களைத் திரைக்கு விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஒவ்வோர் அசையும் அதற்குரிய சுரத்தோடு பிசகாமல் தட்டச்சாகும்படி அமைத்துவிட்டால், பாட்டை அறிந்தவர் படித்துக்கொண்டே தம் மனத்துக்குள் அந்தக் குரலைக் கேட்டுவிடுவார்.