வீட்டில் பெரிய காயம் பட்டால் செய்யவேண்டிய முதலுதவியைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டால் போதுமா?

போதாது. நானும் காணொளிகள் பார்த்திருந்தவள்தான். என் அத்தானின் கையிலிருந்து ரத்தம் பீறிட்ட அன்று அவற்றில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் வயதான பெற்றோருடன் இருப்பதாகவும், வகுப்புக்குப் போக நேரம் கிடைப்பதில்லை என்றும் உங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறோம். சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, குளியலறையில் உடைந்த ஓடுகளை மாற்றித் தர அக்காவின் கணவர் வந்திருந்தார். ஓடு வெட்டும் கிரைண்டரின் தகடு உடைந்து தெறித்து, அவருடைய இடது முன்கையின் உட்புறத்தைக் கிழித்துவிட்டது. 

நான் ஒரு துவாலையை எடுத்து அழுத்தினேன். அரை நிமிடம் அழுத்துவேன், நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்ப்பேன், மறுபடியும் பீறிடும். பெரியம்மா காப்பித்தூள் டின்னோடு ஓடி வந்தார். அத்தான் தாகமாக இருக்கிறது என்றார், அம்மா உடனே தண்ணீர் கொண்டுவந்து வாயில் வைத்தார். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ஒருவர், காரில் கொண்டுபோகலாம் என்று ஒருவர். எல்லாரும் அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களில் அவருக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு காரியத்தை ஒருவரும் ஒழுங்காகச் செய்யவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, நெற்றி குளிர்ந்து வியர்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிழைத்துவிட்டார். அறுவை சிகிச்சை செய்து ரத்தக்குழாயையும் தசைநாரையும் தைத்தார்கள். சுண்டு விரலில் மட்டும் இன்றும் உணர்வு குறைவு. அன்று இரவு அவசரப் பிரிவில் ஒரு தாதி என்னைக் கடிந்துகொள்ளாமல் ஒன்றைக் கேட்டார்: "துணியை எடுத்து எடுத்துப் பார்த்தீர்களா?" ஆமாம் என்றேன். "அடுத்த முறை பார்க்காதீர்கள்" என்றார். நான் கற்க ஆரம்பித்தது அந்தச் சொல்லிலிருந்துதான்.

காரணம் எளிமையானது. அழுத்தத்தின் கீழேதான் ரத்தம் உறையத் தொடங்குகிறது. துணியைத் தூக்கும்போது, அப்போதுதான் பிடித்த உறைவும் அதோடு வந்துவிடும். எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. எனவே சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து, இரு கைகளாலும், முழங்கையை மடக்காமல், உடலின் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை உரிக்காமல் மேலே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்த வேண்டும். உதவி வந்து சேரும்வரை கையை எடுக்கக் கூடாது. கண்ணாடித் துண்டோ கத்தியோ உள்ளே குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதன் இரு பக்கமும் அழுத்த வேண்டும்.

படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கைக்குத்தான் புரியாது. பிறகு நான் சேர்ந்த முதலுதவி வகுப்பு முடிந்து வந்ததும் குளியலறை எடைக்கருவியைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். அத்தானின் கையை அழுத்தியதுபோல் கை வலுவால் மட்டும் அழுத்தியபோது முள் பத்துக் கிலோவைத் தொட்டது. மண்டியிட்டு, உடலைச் சாய்த்து அழுத்தியபோது முப்பதைத் தாண்டியது. நான் அழுத்தியதாக நினைத்ததற்கும் உண்மையில் அழுத்தியதற்கும் அவ்வளவு தூரம். உங்கள் வீட்டிலும் எடைக்கருவி இருந்தால் இன்றே செய்து பாருங்கள். பிறகு பத்து நிமிடம் அப்படியே இருந்து பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் தோள் நடுங்கும். அந்த நடுக்கத்தை எந்தக் காணொளியும் உங்களுக்குக் கற்றுத்தர முடியாது.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டருக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே அந்த நிலை வந்துவிடலாம். உடல் தொடக்கத்தில் இழப்பை மறைக்கும்: இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும், ஆள் பேசிக்கொண்டும் இருப்பார். தாகம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, வெளிறிய தோல் இவையெல்லாம் வந்தால் ரத்தம் நிறையப் போய்விட்டது, உடல் ஈடுகட்டத் திணறுகிறது என்று பொருள். படுக்க வைத்துப் போர்த்திவிடுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்; வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யவும் இடைஞ்சல். தாகத்தால் தவிப்பவரிடமிருந்து டம்ளரை விலக்கிப் பிடிப்பது நம் வீடுகளில் எவ்வளவு கொடுமையாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். உதட்டை நனைத்த துணியால் ஒற்றிவிடுங்கள், அது போதும்.

அமெரிக்காவில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ரத்தப்போக்கை நிறுத்தப் பொதுமக்களுக்கே கற்றுத்தர வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் முன்வந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2015 அக்டோபரில் 'ஸ்டாப் தி பிளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) இயக்கம் தொடங்கியது. அதன் சாரம் மூன்று: கையால் அழுத்துவது, ஆழமான காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்துவது, கை கால்களில் இறுக்குப் பட்டை போடுவது. திணிப்பது என்றால் மேலே வைப்பதன்று. விரலால் உள்ளே, ரத்தம் வரும் இடம்வரை, குழி நிரம்பும்வரை தள்ள வேண்டும். இடுப்புக்கும் தொடைக்கும் இடையிலுள்ள மடிப்பு, அக்குள் போன்ற, பட்டை கட்ட முடியாத இடங்களுக்கு அது. மார்பிலும் வயிற்றிலும் செய்யக் கூடாது. பயிற்சிக்காக நுரைப்பஞ்சில் ஓட்டை போட்டுத் துணிச்சுருளைத் திணித்தபோதே எனக்குக் கை கூசியது. உண்மையில் கூசாமல் இருக்கவே அந்தப் பயிற்சி.

டூர்னிக்கே என்னும் இறுக்குப் பட்டையைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு: கட்டினால் கை போய்விடும் என்று. திருகி இறுக்கும் அமைப்பை 1718இலேயே பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெத்தீ கொண்டுவந்துவிட்டார். இடையில் கெட்ட பெயர் வாங்கி ஒதுக்கப்பட்ட அந்தக் கருவி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் எத்தனையோ உயிர்களைக் காத்த பிறகுதான் மறுபடியும் மதிப்புப் பெற்றது. அறுவை சிகிச்சைகளில் இரண்டு மணி நேரம்வரை வழக்கமாகவே போட்டு வைக்கிறார்கள். அழுத்தியும் நிற்காத கை, கால் ரத்தப்போக்குக்குக் காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, முட்டியின் மேலோ முழங்கையின் மேலோ படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். கடுமையாக வலிக்கும்; வலிக்கிறதே என்று தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கயிறு, ஒயர் வேண்டாம். மெல்லியவை சதையை அறுக்கும், தமனியை அடைக்காது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிப் பட்டைகளில் திருகுக்கோல் முறிந்துவிடுவதுண்டு. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

வகுப்புக்கு, மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பொதுமக்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. வார இறுதியில் ஒரு நாளையோ இரண்டு நாளையோ ஒதுக்கிவிடுங்கள். சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கடும் ரத்தப்போக்குக்கான பயிற்சியை எங்கள் கையால் செய்து பார்க்கவிடுவீர்களா? எல்லா அடிப்படை வகுப்பிலும் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, நான் எந்த வகுப்பிலும் கேட்காத ஒன்று. வகுப்பு முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா காப்பித்தூளை விடவில்லை. "எத்தனை பேருக்கு வைத்து ஆறியிருக்கிறது தெரியுமா?" என்றார். உண்மைதான், சின்ன வெட்டுகள் எதை வைத்தாலும் ஆறிவிடும். அவருடைய அனுபவம் பொய்யன்று. அதன் எல்லை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நம் குடும்பங்களில் ஆபத்து நேரத்தில் மூத்தவர் சொல்லே எடுபடும். நீங்கள் ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால், காயத்தை அழுத்துவதா, வாக்குவாதம் செய்வதா என்று நிற்க வேண்டிவரும். பெற்றோரையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். நான் அம்மாவையும் பெரியம்மாவையும் எடைக்கருவி முன்னால் மண்டியிடச் சொல்ல முடியவில்லை, இருவருக்கும் முட்டி வலி. மேசைமேல் வைத்து, நின்றபடியே அழுத்தச் சொன்னேன். பெரியம்மா இருபத்திரண்டு கிலோ அழுத்தினார். அதன்பிறகு அந்தப் பாடம் அவருடையதாகிவிட்டது.

அவர்களுக்கு அவசர உதவி எண் 999ஐ அழைத்துப் பேசவும் பழக்குங்கள். எங்கள் அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும், ஆனால் பதற்றத்தில் வீட்டு முகவரி வராது. பிளாக், மாடி, வீட்டு எண், அருகிலுள்ள கடை எல்லாவற்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். அடுக்குமாடி என்றால் ஒருவர் கீழே போய் லிஃப்டைப் பிடித்து நிறுத்திவைக்க வேண்டும்.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை, கிச்சாப் (சோயா சாறு), ஐஸ் எதுவும் வேண்டாம். குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்ட பெரியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போன வருடம் அம்மா தேங்காய் உடைக்கும்போது கத்தி நழுவி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. நான் வேலையில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது அம்மா சமையலறைத் தரையில் படுத்திருந்தார், மேலே போர்வை. பெரியம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடித்த துவாலையை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார். அக்காவின் மகன் 999இடம் பேசி முடித்துவிட்டுக் கீழே லிஃப்டருகில் நின்றிருந்தான். எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாமென நான் குனிந்து துவாலையின் ஓரத்தைத் தொட்டேன். பெரியம்மா என் கையை முழங்கையால் தள்ளிவிட்டார்.

"நான் எடுக்க மாட்டேன். அங்கே டாக்டர் எடுக்கட்டும்."