மூக்கில் கொஞ்சம் களிமண்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் பட்டம் பற்றி எழுதியதில், 'பட்டத்தை விட்டு ரொக்கெட்டுக்குப் போனேன், அது கடலுக்குப் போனது' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணன் என் மகளுக்கு மாதிரி ரொக்கெட் கிட் ஒன்று கொண்டுவந்தார். மட்டைக் குழாய், பிளாஸ்ரிக் மூக்கு, பால்சா மரத்தாலான வால் துடுப்புகள், பாரசூட் எல்லாம் இருக்கின்றன. எஞ்சின் மட்டும் இல்லை. விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்களாம். பெட்டியில் உள்ள படத்தைப் போலவே செய்ய மகளுக்கு விருப்பமில்லை. வயது 14, அப்படித்தான். குழாயை நீட்டி, மூக்குக்குக் கிட்ட சின்னதாக இரண்டு இறக்கையும் வைத்துவிட்டாள். பார்க்க வடிவாக இருக்கிறது. ஆனால் நூலில் கட்டிச் சுழற்றினால் பக்கவாட்டில் திரும்புகிறது, சில நேரம் வால் முன்னுக்கு வருகிறது. ஏன்? கொழும்பில் எஞ்சின் கிடைக்குமா? வெடியுப்பும் சீனியும் சேர்த்து வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, சரிவருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அடுப்பில் வைத்துக் கிண்டும் அந்தக் கலவை சட்டியிலேயே பற்றிக்கொண்டால் மூடி வைத்து அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்ய முடியாது. கொழும்பில் ஒரு தமிழ்க் குசினியில் வெடியுப்புக்கு என்ன வேலை என்று யாராவது வந்து கேட்டால், 'பிள்ளையின் விளையாட்டு' என்று விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கும் ஆசை இராது. கடை கடையாக ஏறி எஞ்சின் விசாரிப்பதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலும் 1950களில் பையன்கள் வீட்டில் மருந்து கலந்து கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் செய்த சின்ன எஞ்சினை 1957இல் ரொக்கெட் பொறியியலாளர் ஹரி ஸ்டைன் பிடித்துக்கொண்டு, ஆலையில் அடைத்து விற்கும் பொருளாக்கக் கிளம்பியதன் பின்னணி அதுதான். உங்கள் மகளின் கிட் அந்த வழியில் வந்தது.

இனி நூல் விஷயம். எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்ததே அதுதான். எஞ்சின் இல்லாமலே பிள்ளை பாதி வேலையை முடித்துவிட்டாள்.

ரொக்கெட்டில் இரண்டு புள்ளிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, விரலில் வைத்தால் சாயாமல் நிற்கும் எடைப் புள்ளி. மற்றது, காற்று பக்கத்தில் அடிக்கும்போது அதன் தள்ளல் முழுவதும் வந்து சேரும் புள்ளி. எடைப் புள்ளி முன்னுக்கும் காற்றுப் புள்ளி பின்னுக்கும் இருந்தால், கொஞ்சம் சரிந்தாலும் காற்று வாலைத் தள்ளி நிமிர்த்திவிடும். மாறி இருந்தால் குட்டிக்கரணம்தான். இரண்டுக்கும் இடையில் குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்பது கணக்கு.

குழாயை நீட்டியதில் பிழையில்லை, அது நன்மையே. குற்றவாளிகள் அந்த இரண்டு குட்டி இறக்கைகள். மூக்கருகில் எதை ஒட்டினாலும் காற்றுப் புள்ளி முன்னுக்கு நகரும். சந்தேகமென்றால் ரொக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அதே அளவில் வரைந்து, மட்டையில் வெட்டி, அதை அடிமட்டத்தின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். மட்டை சமநிலையில் நிற்கும் இடம் ஏறத்தாழக் காற்றுப் புள்ளி. இதைக் கணக்காகப் போட நாசாப் பொறியியலாளர் ஜேம்ஸ் பரோமன் 1960களில் சமன்பாடுகள் தந்தார். இப்போது அவை கணினியில் இருக்கின்றன, ஆனால் 14 வயதுக்கு மட்டையும் கத்திரிக்கோலும்தான் நல்லது.

இன்னொன்று. வாலில் ஒன்றும் வைக்காமல்தான் சுழற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்படியான கிட்டுகளில் பொதுவாகப் போடும் C6 வகை எஞ்சின் 18 மி.மீ. தடிப்பு, 70 மி.மீ. நீளம், எடை கிட்டத்தட்ட 24 கிராம். அந்த எடை முழுக்க வாலில் ஏறும். பேனாப் பற்றரி ஒன்றும் ஏறத்தாழ அதே எடைதான். கடதாசி சுற்றி எஞ்சின் குழாயில் செருகிவிட்டுச் சுழற்றுங்கள். இன்னும் மோசமாக ஆடும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

துடுப்பைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது.

2011இல் மருமகன் இலண்டனிலிருந்து கொண்டுவந்த கிட்டிலும் எஞ்சின் இல்லை. நான் அதன் மூக்கையும் அரைக் குழாயையும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியில் பொருத்தி, தண்ணீர் ரொக்கெட்டாக மாற்றினேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், தக்கையில் சைக்கிள் ரியூப் வால்வு, பின்னால் கோப்பு மட்டையில் வெட்டிய துடுப்புகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது. வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்தைக் கடந்து, மாலை நான்கு மணிக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற ஒருவர் இறங்கி வந்து, 'மேக்க மொகத்த?' (இது என்ன?) என்று சிங்களத்தில் கேட்டார். 'வத்துர' (தண்ணீர்) என்றேன். போத்தலை எட்டிப் பார்த்தார். உண்மையிலேயே தண்ணீர்தான் என்று கண்டதும் சிரித்து, தானும் நான்கு அடி பம்ப் அடித்தார்.

'டொப்' என்று கழன்றது. பத்துப் பன்னிரண்டு அடி உயர்ந்திருக்கும். அப்புறம் கடற்காற்று அந்தப் பெரிய துடுப்புகளைப் பிடித்து வாலைக் கரைப் பக்கம் தள்ள, மூக்கு கடலைப் பார்த்துத் திரும்பியது. அப்படியே படுத்தபடி அலைகளுக்கு மேலே போய் விழுந்தது. அவ்வளவுதான். பெரிய துடுப்பு ரொக்கெட்டைக் காற்றுக் காட்டியாக்கிவிடும் என்பதை இப்படித்தான் படித்தேன்.

அதனால் துடுப்பைத் தொட வேண்டாம். பிளாஸ்ரிக் மூக்கு உள்ளே வெறுமைதானே, அதில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, பற்றரியோடு மறுபடி சுழற்றுங்கள். மூக்கு முன்னுக்கே நிற்கும்வரை. களிமண் கூடுகிற ஒவ்வொரு முறையும் எடைப் புள்ளி நகரும், நூலையும் அங்கே நகர்த்திக் கட்ட வேண்டும். இதை மறந்து நான் ஒரு மாலையை வீணாக்கியிருக்கிறேன். இறக்கைகளைப் பிய்க்கச் சொல்லவில்லை, அவள் விடவும் மாட்டாள்.

எஞ்சினோடு விடுவதை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கெட்டைக் கொண்டுபோகலாம், எஞ்சினை அங்கே வாங்கலாம். பெட்டியில் C6-5 என்று இருந்தால், C எஞ்சின் தரும் மொத்த உந்தலின் வகை, 6 சராசரி உந்தல் நியூட்டனில், 5 என்பது உந்தல் முடிந்து பாரசூட்டைத் தள்ளும் வரையான விநாடிகள். களிமண் ஏறிய ரொக்கெட் அவ்வளவு உயரம் போகாது, சீக்கிரம் தலை கவிழும். அப்போது C6-3 பொருத்தமாக இருக்கும்.

அதுவரை இங்கே தண்ணீரில் விடட்டும். சோடாப் போத்தலே வேண்டும், குடிதண்ணீர்ப் போத்தல் மெல்லிசு. கீறல் விழுந்தது வேண்டாம். பம்ப் மீற்றரில் 50 psiக்கு மேல் போகாதீர்கள். விடும்போது ஐந்து மீற்றர் தள்ளி நின்று, போத்தலைப் பிடித்திருக்கும் பிடியைக் கயிற்றால் இழுத்து விடச் சொல்லுங்கள். நூல் சோதனையை வெறும் போத்தலோடு செய்தால் போதும், தண்ணீர் கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். காலி முகத்திடல் வேண்டாம். சனமும் காற்றும் அங்கே ஓய்வதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் அனுமதி கேட்டு, காற்று எழும்புவதற்கு முன் காலையில் போங்கள்.

என் கிட்டின் பாரசூட் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. தண்ணீர் ரொக்கெட்டில் அதைத் தள்ளிவிட மருந்து இல்லை என்பதால் நான் வைக்கவேயில்லை. பிள்ளைக்கு வேண்டுமென்றால் எழுதுங்கள், தருகிறேன்.